அண்ணாச்சியின் லாக் புத்தகம்

ஜூன் 10, 2025, செவ்வாய்

மன்னிக்கணும் அத்தான். மணி பன்னிரண்டே கால். இப்போதுதான் எழுத உட்கார்கிறேன். வேலை முடிந்த கையோடு எழுதுகிற பதிவுதான் லாக், ஆற அமர எழுதினால் அது கதை என்று கப்பலேறும் முன் பாடம் எடுத்துவிட்டுப் போனீர்கள். என்ன செய்ய? உங்கள் கப்பலில் இன்ஜின் ரூமுக்கு நாலு பேர். இங்கே நான் ஒருத்தி. கெசியா தூங்கின பிறகுதான் எனக்கு இரண்டு கையும் கிடைக்கின்றன.

உங்கள் பைக்கின் பேட்டரி 12.7 வோல்ட். முன் டயர் காற்று 35, பின் டயர் 41. செயின் துடைத்து எண்ணெய் அடித்தாயிற்று. உறை போட்டு மூடியாயிற்று.

குறிப்பு: செயின் துடைக்கும்போது உங்கள் மகள் கோட்டுக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, "எம்மா, அண்ணாச்சிக்குப் பல்லு தேய்க்கியா?" என்றாள். தெருமுக்குப் பலசரக்குக் கடை அண்ணாச்சியைப் போலவே இந்த வண்டிக்கும் அகன்ற முகம், முன்னால் தள்ளின தொந்தி, இரண்டு பக்கமும் பை தூக்கினாற்போல் பெட்டி. மூன்றரை வயதுப் பிள்ளை சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். இனி லாக்கிலும் அண்ணாச்சிதான்.

கோடு என்றது, கார் நிறுத்துகிற இடத்துத் தரையில் நான் சாக்பீஸால் போட்டது. வண்டியிலிருந்து ஐந்து அடி தள்ளி. கெசியா அதைத் தாண்டக் கூடாது. இருநூற்று முப்பத்தைந்து கிலோ, ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். தினமும் காலையில் கோட்டைப் புதுப்பிக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

12.7. 35. 41. வெளியே பலத்த காற்று. கெசியாவுக்கு லேசாக மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை. நாலு தடவை பார்த்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

அத்தான் பேசினார். கப்பல் ஆப்பிரிக்கா ஓரமாகப் போகிறதாம். பிள்ளையை விசாரித்தார், என்னை விசாரித்தார், பிறகு ஒரு மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அங்கன எல்லாரும் சுகமா?" என்றார். எல்லாரும் என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா? பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் பேசின குரலும் இதேதான்.

"ஒங்க நாலு சிலிண்டரும் சுகமா இருக்கு" என்றேன்.

எட்டு வருஷ ஆசை. கப்பலில் பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த மாதிரி வண்டியின் படத்தைப் பர்ஸில் வைத்திருந்த மனுஷர். கல்யாணமான பிறகு என் படத்தையும் அதே பர்ஸில் வைத்தார். எடுத்துப் பார்த்தேன், வண்டிக்குப் பின்னால்தான் நான். செகண்ட் இன்ஜினியர் ஆன வருஷம் வாங்கினார். வண்டி வந்து இறங்கின வாரம் அவர் கப்பலேற வேண்டியிருந்தது, அதனால் கையெழுத்தெல்லாம் நான் போட்டேன். ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர்: ரீபா. என் பேரில் வீடு இல்லை, ஒரு சென்ட் நிலம் இல்லை. ஆயிரம் சிசி வண்டி இருக்கிறது.

ஒரே ஒரு தடவைதான் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன், மணிமுத்தாறு வரை. கண்ணைத் திறக்கவே இல்லை. அணையைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

உறையை எடுத்தால் வண்டியின் முன்பக்க மூடிக்குள்ளே அணில் கூடு! தேங்காய் நார், பஞ்சு, கெசியாவின் தலை ரிப்பன், போன வாரம் கோயிலில் கொடுத்த ஆராதனைத் தாளில் பாதி. குஞ்சு இல்லை, நல்லவேளை. பைய எடுத்து வேப்பமரத்துக் கிளையில் வைத்தேன். வயர் எதையாவது கடித்திருக்குமோ என்று விளக்கு, ஹாரன் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஹாரன் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி அக்கா மாடியிலிருந்து, "ஏளா, லாரி வருதோ?" என்றாள். மின்வாரிய ஆபீசில் கிளார்க். அவளுக்குத் தெரியாமல் இந்தத் தெருவில் பல்பு கூட எரியாது.

கெசியாவுக்கு ஒரே வருத்தம். "அண்ணாச்சி வயித்துல பாப்பா இருந்துச்சா?"

12.6. கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சார்ஜர் போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

இது லாக் இல்லை. இந்தப் பக்கத்தைக் கிழிக்கணும்.

இன்று கோயிலில் எங்கள் சபைப் போதகர் ஐயர் அறிவிப்பு வாசித்தார். அறுப்பின் பண்டிகை அக்டோபர் 12. "பொருத்தனை பண்ணினவங்க இப்பவே ஞாபகம் வச்சிக்கிடுங்க. போன வருசம் ஒரு பொருத்தனைச் சேவலைப் பண்டிகைக்கு முந்தின நாளே குழம்பு வச்சிட்டாங்க." சபையே சிரித்தது. எனக்கு மடியில் கெசியா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் கையை வைத்தேன். எடுக்கவே இல்லை.

போன நவம்பர். அத்தான் லீவில் இருந்தார். கூட்டாளிகளோடு வால்பாறைக்கு வண்டியில் போயிருந்தார். இரண்டாம் நாள் இங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்று நாலு. கண் செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. டெங்கு என்றார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். அவரைக் கூப்பிட்டேன். இருபத்து மூன்று தடவை. தொடர்பு எல்லைக்கு வெளியே, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சொன்னேன். ஆண்டவரே, பிள்ளையைத் தாரும். அந்த வண்டியை அடுத்த அறுப்பின் பண்டிகையில் உம்முடைய சந்நிதியில் கொண்டு விட்டுடுதேன்.

பொருத்தனை என்று ஆடு நேர்வார்கள். சேவல் நேர்வார்கள். முதல் வெட்டு வாழைத்தார் நேர்வார்கள். கோயில் முன்னால் கொண்டு வைத்தால் ஏலம் போட்டு, வந்ததைக் காணிக்கையில் சேர்ப்பார்கள். மோட்டார் சைக்கிளை நேர்ந்தவள் இந்தப் பாளையங்கோட்டையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் பேரில் இருக்கிறது என்ற தைரியம். ஏன் என் சங்கிலியை நேரவில்லை? வளையலை நேரவில்லை? அதுதான் உறுத்துகிறது. அந்த நேரத்தில் உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத பொருளைத் தேடி எடுத்து ஆண்டவர் கையில் கொடுத்தேன்.

விடியக்காலம் மூன்றரைக்கு அவர் வந்தார். தொப்பலாக நனைந்து, கையில் ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த வெறுப்பு... முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாலாம் நாள் பிளேட்லெட் ஏறியது. பிள்ளை பிழைத்தாள். எட்டு மாசம் ஆச்சு. அவர்கிட்ட இன்னும் சொல்லலை. லீவுல இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லா? ஒவ்வொரு நாளும் காலையில் துணியும் கையுமா அதைத் துடைச்சிக்கிட்டு நிக்குத மனுஷன்கிட்ட எப்படிச் சொல்ல?

கப்பலில் இருக்கிறவரிடம் எப்படிச் சொல்ல?

கிழிக்கணும்.

ஜூலை 24, வியாழன்

விழுந்துவிட்டது. நான்தான் போட்டேன்.

ஆடிக் காற்று இரண்டு நாளாகப் பேயாட்டம். உறை படபடவென்று அடித்துப் பாய்மரம் மாதிரி இழுக்கிறது, வண்டியே ஆடுகிறது. சுவர் ஓரமாகத் தள்ளி வைக்கலாம் என்று இடது பக்கம் நின்று பைய நிமிர்த்தினேன். நேராக நிமிரும் வரை ஒன்றுமில்லை, பூப்போல வந்தது. அதைத் தாண்டி ஒரு விரல்கடை போனதும் அதற்கு வேறு எண்ணம் வந்துவிட்டது. வலது பக்கமாகப் போகிறது, போகிறது, பிடிக்கிறேன், தோள் கழன்றுவிடும் போல... போய்விட்டது. அந்தச் சத்தம்.

முதலில் பார்த்தது கெசியாவை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வண்டியின் பக்கக் கண்ணாடி கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம். ஒரு சாண்!

"அண்ணாச்சி படுத்துட்டாரு" என்று கை தட்டினாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பெட்ரோல் வாடை வர ஆரம்பித்ததும்தான் எழுந்தேன்.

எப்படித் தூக்குவது என்று அத்தான் ஒரு வீடியோ எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "இது உனக்குத் தேவைப்படாது, இருந்தாலும்" என்று ஆரம்பிக்கும். சாவியை அணை. கியரில் போடு. ஸ்டாண்டை முதலிலேயே வெளியே தள்ளு, இல்லாவிட்டால் தூக்கின வேகத்தில் அந்தப் பக்கம் விழும். பிறகு வண்டிக்கு முதுகு காட்டி, சீட்டில் பின்புறத்தை முட்டுக்கொடுத்து, காலால் பின்னோக்கி நட. முதுகால் தூக்காதே, தொடையால் தூக்கு.

தொடையால் தூக்கினேன். அரை அடி எழுந்தது. அதற்கு மேல் இல்லை. மாடியிலிருந்து கலைச்செல்வி அக்கா, "ஏளா ரீபா, நில்லுட்டி! ஆபரேசன் பண்ணிப் பிள்ளை பெத்த வயிறு!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தாள். வந்தவள் நைட்டியைத் தூக்கி இடுப்பில் செருகினாள். என் பக்கத்தில் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.

"எப்பிடி?"

"காலை ஊணி, பின்னாலேயே நடக்கணும்க்கா."

"ஒம் மாப்பிள்ளைக்கு வேற வண்டி கெடைக்கலையா? இது வண்டியாட்டி, எருமைமாடு!"

இரண்டு பேரும் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னோம். வந்துவிட்டது அத்தான். ஸ்டாண்டில் டக்கென்று உட்கார்ந்தது. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சீட்டைத் தட்டிக்கொடுத்தாள். "கனம் இருந்தாலும் சொன்ன பேச்சுக் கேக்குதுட்டி."

வலது பக்கம் பிரேக் லிவர் ஒடிந்துவிட்டது. பெட்டியில் ஒரு நீளக் கீறல். கீறலை விரலால் தடவிப் பார்த்தேன். என்னவோ மாதிரி இருந்தது. விற்றுத் தலைமுழுக நினைத்த பொருளின் மேல் ஒரு கீறலுக்கு இவ்வளவு வருத்தமா?

ஜூலை 25, வெள்ளி

உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. ஆனால் நேற்றுத் தூக்கினோம்.

ஜூலை 31, வியாழன்

மேலப்பாளையத்திலிருந்து பீர் மைதீன் வந்தார். பெரிய வண்டிகளை இந்தப் பக்கத்தில் அவர்தான் பார்க்கிறார். சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

"லிவரு மெட்ராஸ்ல இருந்து வரணும்க்கா, ஒரு வாரம் ஆவும். மத்தபடி ஒண்ணுமில்ல. ஆனா இப்பிடி நிறுத்தியே வச்சிருக்கியளே, அதுதான் கெடுதல். மனுசன் படுத்தே கெடந்தா முதுகு புண்ணாவுதுல்லா? டயருக்கும் அப்பிடித்தான்."

"யாரு ஓட்ட? அவுக வர அக்டோபர் கடைசி ஆவும்."

"ஆர்.சி. யார் பேர்ல?"

"என் பேர்ல."

"லைசென்சு?"

காலேஜ் படிக்கும்போது அப்பா தன் பழைய பைக்கில் பழக்கி எடுத்துக் கொடுத்தது இருக்கிறது. கியர் உள்ள வண்டிக்கே. சொன்னேன்.

"பொறவு என்ன கேள்வி?" என்று சீட்டைக் கழற்றிக் கீழ்த் துளையில் மாட்டினார். இரண்டு விரல்கடை இறங்கியது. "இப்ப உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். இரண்டு குதிங்காலும் எட்டவில்லை, விரல்கள் எட்டின. கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பயந்த முகம்தான். கெசியா கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எம்மா, அண்ணாச்சி மேல ஏறாத, வலிக்கும்" என்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று அத்தானிடம் வண்டி விழுந்ததைச் சொல்லிவிட்டேன்.

"உனக்கு அடி பட்டுச்சா?" 

இல்லை என்றேன்.

"கெசி எங்க நின்னா?"

கோட்டுக்கு அந்தப் பக்கம் என்றேன். அந்தக் கோட்டைப் பற்றி எத்தனை கிண்டல் பண்ணியிருப்பார். "அந்தக் கோடு நல்ல கோடு ரீபா" என்றார். வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்கவே இல்லை. நானாகச் சொல்லும் வரை கேட்கவில்லை.

மற்றதையும் சொல்லியிருக்கணும். நாக்கு நுனி வரை வந்தது. "சரி, இன்ஜின் ரூம் வாட்சுக்கு நேரமாச்சு" என்றார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நம் தெருவுக்குப் பின்னால் பிளாட் போட்ட இடம். தார் ரோடு இருக்கிறது, கல் நட்டிருக்கிறது, வீடு ஒன்றும் இல்லை. கழுதை இரண்டு மேயும். காலை ஆறு மணிக்குக் கெசியாவைக் கலைச்செல்வி அக்கா வீட்டில் தூக்கிப் போட்டுவிட்டுப் போனேன். புது லிவர்.

எனக்கென்று அத்தான் வாங்கி வைத்த ஹெல்மெட்டை இன்றுதான் பிரித்தேன். மயில்கழுத்து நிறம். விலைச்சீட்டுக் கூடக் கிழிக்கவில்லை. தலைக்குச் சரியாகப் பொருந்தியது. எப்போது அளவெடுத்தார்? நான் தூங்கும்போது நூல் வைத்து அளந்திருப்பார். செய்யக்கூடியவர்தான்.

முதல் கியர். ஐம்பது அடி. நின்றுவிட்டேன். மறுபடி ஐம்பது அடி. இது பாயும் என்று நினைத்திருந்தேன். பாயவில்லை. கிளட்சை விட்டால் நடக்கிறது, கூட நடக்கிற மாதிரி. நின்றால்தான் கனம், நகர்ந்தால் கனமே இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே!

திரும்பும்போது தெருமுக்கில் கடை அண்ணாச்சி பார்த்துவிட்டார். அசல் அண்ணாச்சி.

"ஏம்மா, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"பதினெட்டு, அண்ணாச்சி."

"பதினெட்டா? அதுக்கு ஆட்டோ புடிச்சிப் போயிரலாம்லா!"

செப்டம்பர் 2, செவ்வாய்

12.8. 36. 42. பெட்ரோல் பங்க் வரை போய் வந்தேன். இன்ஜின் சூடு காலில் அடிக்கிறது, வெந்நீர் அடுப்பு ஓரம் நின்றாற்போல். கெசியா இப்போது அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்தால்தான் சாப்பிடுகிறாள். ஒரு வாய் அவளுக்கு, ஒரு வாய் அண்ணாச்சிக்கு. அண்ணாச்சியின் வாயை நான் சாப்பிடுகிறேன். எனக்கு ஒரு கிலோ ஏறிவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

இதுவும் லாக் இல்லை.

ஆராதனை முடிந்ததும் ஐயரைத் தனியாகப் பார்த்தேன். பாக்கியசீலன் ஐயர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். சொல்லி முடித்ததும் முதலில் சிரித்துவிட்டார்.

"பைக்கா? அக்கா, நம்ம ஏலத்துல ஒரு பூசணிக்காயையே நாலு தடவை திருப்பித் திருப்பி ஏலம் விட்டாத்தான் உண்டு. இதை யாரு எடுக்க?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "அண்ணனுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வேண்டாம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. பொருத்தனை ஒங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. ஆனா பழைய ஏற்பாட்டுச் சட்டத்துல ஒரு இடம் இருக்கு, படிச்சிருப்பீங்க. புருஷன் வீட்ல இருக்குத பொம்பளை பண்ணின பொருத்தனையைப் புருஷன் கேட்ட அன்னைக்கே வேண்டாம்னுட்டா அது நிக்காது. ஆண்டவர் மன்னிப்பாரு. கேட்டுட்டுப் பேசாம இருந்துட்டா, நிலைச்சிரும்."

"அன்னைக்கேயா?"

"அன்னைக்கே. மறுநாள் சொன்னா செல்லாது."

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் நான்தான் பிள்ளைகளுக்கு அந்த வேத அதிகாரத்தைத் தாண்டிப் போகச் சொல்லுவேன். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவளுக்கு அந்தச் சட்டம் எப்படிப் பிடிக்கும்? என் வாயிலிருந்து வந்த சொல்லை இன்னொருத்தர் எப்படி அழிக்க? ஆர்.சி.யில் என் பேர் அல்லவா? வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். கோபம்தான் வந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறைத்தது. அந்தக் காலத்துப் பெண் யாராக இருந்தாலும், புருஷன் காதில் போட்டிருக்கிறாள். நான் பத்து மாதமாகப் போடவில்லை.

செப்டம்பர் 27, சனி

சேரன்மகாதேவிக்குப் போய் வந்தேன். அம்மா வீட்டுக்கு. அண்ணாச்சியில்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். தருவை, முன்னீர்பள்ளம் தாண்டினதும் இரண்டு பக்கமும் வயல். கார் நெல் அறுப்பு நடக்கிறது. ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். முன்னால் பஸ். பின்னால் டிப்பர். நான் நடுவில், நாற்பதைத் தாண்டவே இல்லை. சைக்கிளில் போன ஒருவர் என்னை முந்திப் போனார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பரவாயில்லை. ஒரு இடத்தில் ரோடு காலியாக நீண்டு கிடந்தது. அறுபது. முன் கண்ணாடிக்குப் பின்னால் காற்றே இல்லை, அமைதி. வைக்கோல் வாசம் மட்டும் உள்ளே வருகிறது. கண்ணைத் திறந்துகொண்டே போனேன். இதுதானா, இதுதான் இத்தனை நாள் அவர் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததா?

அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வாளியோடு ஒதுங்கி நின்று, "யாரைத் தேடுதிய தம்பி?" என்றாள்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"அட பாதகத்தி! பிள்ளை எங்கட்டி?"

"கலைச்செல்வி அக்கா வீட்ல தூங்குதா."

"ஒங்க அப்பா ஒனக்கு வண்டி பழக்கிக் குடுத்தது இதுக்குத்தானா? மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" திட்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளை முந்தானையால் துடைத்தாள். "இட்லி எத்தனை வைக்க?"

திரும்பும்போது மழை. எதிர்பார்க்கவே இல்லை. முன்னீர்பள்ளத்துக்கு இந்தப் பக்கம் கொட்டித் தீர்த்தது. ஒதுங்க நினைத்தேன். கெசியா எழுந்து அழுவாளே என்று நினைப்பு, நிற்க மனசில்லை. ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் ஓடுகிறது, ரோடு பளபளக்கிறது, விரல் விறைத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். பத்துக் கிலோமீட்டர். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்துக் கிலோமீட்டரைப் பார்த்ததில்லை.

வீட்டு வாசலில் இறங்கி நின்றேன். தொப்பலாக நனைந்து, கையில் ஹெல்மெட்.

அப்போதுதான் அத்தான், அப்போதுதான்.

அன்னைக்கு வால்பாறையில இருந்து முந்நூத்தம்பது கிலோமீட்டர். ராத்திரி. மழை. மலை இறங்கி, பொள்ளாச்சி, மதுரை எல்லாம் தாண்டி. சாயங்காலம் ஏழு மணிக்கு என் சேதி கிடைச்சி, விடியக்காலம் மூணரைக்கு வந்து நின்னீக. நான் பத்துக்கே செத்துப் பிழைச்சேன். நீங்க அவ்வளவு தூரத்தையும் பிள்ளை பேரைச் சொல்லிக்கிட்டே வந்திருப்பீக. அந்த ராத்திரி பஸ்ஸுக்குக் காத்து நின்னிருந்தா மறுநாள் மத்தியானம்தான் வந்திருப்பீக. உங்களைக் கொண்டுபோன வண்டின்னு அதை வெறுத்தேன். உங்களைக் கொண்டுவந்த வண்டியும் அதுதான்னு இத்தனை மாசம் தோணவே இல்லையே.

நான் அன்னைக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டேன். ஒரு துண்டு கூட எடுத்துத் தரலை.

செப்டம்பர் 28, ஞாயிறு

துடைத்தேன். செயினுக்கு எண்ணெய். சக்கரத்தில் ஒட்டின நெல் மணி ஏழு. கெசியா எடுத்து வைத்துக்கொண்டாள்.

அத்தான் பேசினார். நான் சேரன்மகாதேவி போனதை மட்டும் சொன்னேன். அவ்வளவு நேரம் ஒரு மனுஷர் போனில் சிரித்து நான் கேட்டதில்லை. மற்றதைச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க வாய் வரவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

அடுத்த ஞாயிறு பண்டிகை. சபைக் கமிட்டியிலிருந்து யார் வீட்டில் என்ன கொண்டு வருகிறார்கள் என்று எழுதிக்கொள்ள வந்தார்கள். "என்னம்மா எழுத?" என்றார்கள். இரண்டு நாளில் சொல்லுகிறேன் என்றேன். வண்டியைப் பார்த்தபடியே சொல்லியிருக்கிறேன் போல. "என்ன, இதைக் கொண்டு வரப் போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அத்தான் இன்று பேசவில்லை. துறைமுகத்தில் வேலை மும்முரம், புதன் ராத்திரி என் சேதிகளைப் படிக்க நேரம் இருக்கும் என்று ஒரு வரி மட்டும்.

அக்டோபர் 8, புதன்

அத்தான்,

பேட்டரி 12.8. முன் 36, பின் 42. சாக்பீஸ் கோடு மழையில் அழிந்துவிட்டது. மறுபடி போடவில்லை. நான் பக்கத்தில் நின்றால் மட்டும் வரலாம் என்று கெசியாவிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன பேச்சுக் கேட்கிறாள்.

கிழிக்கணும் என்று எழுதின பக்கம் எதையும் கிழிக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரை படம் எடுத்து இப்போதே அனுப்புகிறேன். வரிசையாகப் படியுங்கள். ஜூலை 13 வந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

நேர்ந்தபோது அது எனக்கு வேண்டாத பொருள். மந்தையில் நொண்டி ஆட்டைப் பார்த்துப் பிடித்துக் கொடுக்கிறவர்கள் மாதிரிக் கொடுக்கப் பார்த்தேன். இன்றைக்கு அது நொண்டி ஆடு இல்லை. கொடுத்தால் எனக்கும் வலிக்கும், பிள்ளைக்கும் வலிக்கும். இப்போதுதான் அது கொடுக்கத் தகுந்த பொருள் ஆகியிருக்கிறதோ என்று கூடத் தோன்றுகிறது. பிள்ளையைத் தந்தவரிடம் நான் பேரம் பேச மாட்டேன்.

ஐயர் சொன்ன சட்டம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. சட்டத்துக்காக உங்களைக் கேட்கவில்லை. எட்டு வருஷம் ஆசைப்பட்டது நீங்கள், கேட்காமல் நேர்ந்தது நான், அதனால் கேட்கிறேன். அந்த ராத்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள்.

வேண்டாம் என்றால், நாளைக்கே ஐயரிடம் போய்ச் சொல்லுகிறேன். என் வளையல் இரண்டையும் வைக்கிறேன், அது எனக்குப் பிடித்த வளையல்தான். கொடு என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் தள்ளிக்கொண்டு போக மாட்டேன். மயில்கழுத்து ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நானே ஓட்டிப் போய்க் கோயில் முன்னால் நிறுத்துவேன். வாழைத்தாருக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் அண்ணாச்சி நிமிர்ந்துதான் நிற்பார்.

இரண்டில் எதுவானாலும் சரி. பேசாம மட்டும் இருந்துடாதீக. கோவம்னா கோவம்னு சொல்லுங்க. நீங்க ஒண்ணுமே சொல்லாம இருந்து, அதனால அது போச்சின்னு ஆகக் கூடாது. கேட்ட நாளுக்குள்ள சொல்லணுமாம். உங்க கப்பல் நேரமா, நம்ம ஊர் நேரமான்னு ஐயரைக் கேக்க மறந்துட்டேன். அதனால ரெண்டுக்கும் முந்தி, படிச்சதும் சீக்கிரம் பதில் அனுப்புங்க.